நிரல் எழுதுவதிலிருந்து டெஸ்டிங்குக்கு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

11 ஆண்டுகள் ஜாவாவில் நிரல் எழுதினேன். பிறகு டெஸ்டிங்குக்கு, அதாவது மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு, மாறி 6 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வேலையும் சென்னையில்தான். கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், கல்லூரிகளில் பேசப் போனால் கடைசி வரிசையிலிருந்து எழுந்து நிற்கும் பிள்ளைகள் என்று பலரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஃபோனில் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த டெவலப்பர் வேலையை ஏன் விட்டீர்கள்?

ஒரு ஜூன் மாதம் காரணம். பள்ளிக் கட்டணம் கட்டும் செயலி ஒன்றில் பணம் செலுத்தும் பகுதி முழுவதும் நான் எழுதியது. யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் நிரல்கள்) 400க்கு மேல் வைத்திருந்தேன், எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி. பள்ளி திறக்கும் வாரத்தில் வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமானது. 30 நொடி பார்த்துவிட்டு என் நிரல் 'பணம் செலுத்த இயலவில்லை, மீண்டும் முயலவும்' என்று திரையில் காட்டியது. நான் எழுதிய விதி அதுதான். பெற்றோர் மீண்டும் முயன்றார்கள். முதல் தடவையும் பணம் கழிந்திருந்தது, இரண்டாம் தடவையும் கழிந்தது.

வாடிக்கையாளர் சேவையில் ஆள் போதாமல் எங்களில் சிலரையும் இரண்டு நாள் ஃபோன் எடுக்க உட்கார வைத்தார்கள். ஓர் அம்மா, "தம்பி, ரெண்டு புள்ளைங்களுக்கும் சேத்து வட்டிக்கு வாங்குன காசு. எப்ப திரும்ப வரும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். ஏழு வேலைநாள் ஆகும் என்று எனக்குக் கொடுத்திருந்த தாளில் இருந்ததைப் படித்தேன். அவர் "சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

அன்று இரவு என் நிரலை வரிவரியாகப் பார்த்தேன். தவறான வரி என்று ஒன்றுகூட இல்லை. 'பதில் வரவில்லை' என்பதும் 'பணம் போகவில்லை' என்பதும் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை வைத்துத்தான் 400 டெஸ்டும் எழுதியிருந்தேன். நினைப்பையே பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்பதற்கு ஒரு வேலை உண்டு, அதைச் செய்ய எங்கள் டீமில் நேரமுள்ள ஆள் யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதத்தில் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

டெஸ்டிங் என்றால் ஒரு படி இறங்குவதுதானே?

"அவனை டெஸ்டிங்ல போட்டுட்டாங்களாம்" என்று சொல்லும் தொனி நம் ஊர் அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. வீட்டிலும் கேட்பார்கள். இந்தப் பேச்சு என்னை வருத்தியது உண்மை. ஒரு வருடம் போல இருந்தது, பிறகு இல்லை.

ஆனால் மாறும் முன் விசாரிக்க வேண்டியவை உண்டு. போகிற இடத்தில் டெஸ்டர்களை ரிக்வயர்மென்ட் (என்ன செய்ய வேண்டும் என்ற தேவை) பேசும்போதே கூப்பிடுகிறார்களா, ரிலீஸுக்கு (வெளியீட்டுக்கு) இரண்டு நாள் முன்னால் கூப்பிடுகிறார்களா? மூத்த டெஸ்டருக்கும் மூத்த டெவலப்பருக்கும் அங்கே ஒரே சம்பளப் படியா? இன்றைக்கு எத்தனை டெஸ்ட் கேஸ் ஓட்டினாய் என்று தலை எண்ணுகிற இடமா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் நான் போகமாட்டேன், உங்களையும் போகச் சொல்லமாட்டேன்.

மாறிய புதிதில் எதில் தடுக்கி விழுந்தீர்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நான் சோதித்த முதல் பெரிய வேலை, பதிவுகளின் தினசரி அறிக்கை. ஒரு நாள் கணக்கில் எண்ணிக்கை குறைந்தது. இரண்டே நிமிடத்தில் காரணம் பிடித்துவிட்டேன்: சர்வர் நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5.30க்கும் இடையில் பதிவு செய்தவர்கள் எல்லாரும் முந்தைய நாள் கணக்கில் போய் விழுகிறார்கள். இதைப் பிழையாக நான் பதியவே இல்லை. 'யூடிசிதான், தெரிந்த விஷயம்' என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

எனக்கு மூத்த டெஸ்டர் ஒருவர் இருந்தார். வாழ்க்கையில் ஒரு வரி நிரல் எழுதாதவர். வணிகவியல் படித்துவிட்டு வந்தவர். அவர் அதே அறிக்கையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நான் யூடிசியை விளக்கத் தொடங்கினேன். "காரணம் நான் கேக்கலையே. இந்தத் தேதிக்கு இந்தக் கணக்கு சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

தப்புதான். அந்தக் கணக்கை வைத்து ஒரு பிராந்திய மேலாளர் தன் ஆட்களுக்கு ஊக்கத்தொகை பிரிக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நிரலாளராக இருந்தவருக்கு டெஸ்டிங்கில் உள்ள பெரிய ஆபத்து இதுதான்: காரணம் தெரிந்ததும் மன்னித்துவிடுகிறோம். 'இந்த லைப்ரரி அப்படித்தான்', 'கேஷை (தற்காலிகமாகச் சேமித்த நகலை) அழித்தால் சரியாகிவிடும்', 'நெட்வொர்க் மெதுவாக இருந்திருக்கும்'. ஒவ்வொன்றும் உண்மையான விளக்கம். ஒவ்வொன்றும் ஒரு பிழையை மூடி வைக்கிறது. பயன்படுத்துகிறவருக்குக் கேஷ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிவது தப்பான எண் மட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். நான் பார்த்தவரை, நிரலாளருக்கு அடுத்தவர் எழுதிய குஞ்சும் பொன்குஞ்சாகத்தான் தெரிகிறது, அது எப்படிப் பொரிந்தது என்று தெரிந்திருப்பதால்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். விசித்திரமாக எதைக் கண்டாலும் முதலில் கண்டதை எழுதுவேன். என்ன செய்தேன், என்ன தெரிந்தது, என்ன தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான், நிரல் செய்வதையெல்லாம் பதிந்து வைக்கும் லாக் கோப்பைத் திறப்பேன். வரிசை மாறினால் எழுதும் வாசகமே மாறிவிடுகிறது. அதை நீங்களே ஒரு வாரம் செய்து பாருங்கள்.

பிழையைக் கண்டால் நானே திருத்திவிடலாமா? எனக்குத்தான் தெரியுமே.

வேண்டாம். நான் செய்தேன், இரண்டு முறை. இரண்டாம் முறை நான் திருத்தியதில் இருந்த பிழையைச் சோதிக்க ஆள் இல்லாமல் போயிற்று. தவிர, எழுதியவருக்குத் தன் பிழை தெரியாமலேயே போகிறது. அடுத்த மாதம் வேறு கோப்பில் அதே தவறு வரும். எங்கே இருக்கும் என்று ஊகம் இருந்தால் அறிக்கையின் கடைசியில் ஊகம் என்று சொல்லியே ஒரு வரி எழுதுங்கள்.

நிரல் தெரிந்திருப்பது உதவியா, தடையா?

இரண்டும். உதவுவது தெரிந்ததுதான்: எந்த மாற்றம் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்று பார்த்துச் சொல்லலாம், நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐயை நேரடியாகத் தட்டிப் பார்க்கலாம், தரவுத்தளத்தில் உண்மையில் என்ன விழுந்தது என்று திறந்து பார்க்கலாம், இரண்டு சிஸ்டம் சந்திக்கும் இடங்கள் எப்போதும் பலவீனமானவை என்று மூக்கு வியர்க்கும்.

தடையாவதற்கு ஏரியான் 5 ராக்கெட்டைச் சொல்வேன். 1996 ஜூன் 4 அன்று, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியான் 5 முதன்முறையாகக் கிளம்பியது. 40 நொடிக்குள் திசை மாறி உடைந்து சிதறியது. விசாரணையில் கிடைத்த காரணம் எந்த நிரலாளருக்கும் புரியும். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றினார்கள். எண் பெரிதாகிவிட்டதால் அதில் கொள்ளவில்லை. வழிநடத்தும் கணினி நின்றது. மாற்றாக வைத்திருந்த கணினியிலும் அதே நிரல்தான் என்பதால் அதுவும் அதே விதமாக நின்றது.

என்னைத் தூங்கவிடாதது அதற்கு அடுத்த தகவல். இப்படி வழிந்துபோகக்கூடிய மாறிகள் ஏழு என்று நிரலாளர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்பு எழுதினார்கள். கணினியின் வேலைச்சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றிருந்ததால் மற்ற மூன்றையும் விட்டார்கள். அந்த அளவுக்கு எண் போகவே போகாது என்று கணக்கும் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4க்குச் சரி. நிரலை அப்படியே எடுத்து ஏரியான் 5இல் வைத்தபோது, புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. புதிய பறக்கும் பாதையைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு: வழிந்த அந்தக் கணக்கு ஏரியான் 5 கிளம்பிய பிறகு எதற்குமே தேவைப்படாதது.

கவனக்குறைவான ஆட்கள் செய்த வேலை என்று இதைச் சொல்ல முடியாது. யோசித்து, காரணம் சொல்லி, விட்டார்கள். நான் யூடிசியை விட்டது போல. நிரல் தெரிந்தவர் நிரலைப் படித்துவிட்டுச் சோதித்தால் எழுதியிருப்பதைத்தான் சோதிப்பார். எழுதாமல் விட்டது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு புதிய வசதி வந்தால் முதல் ஒரு மணி நேரம் நான் நிரலைத் திறப்பதில்லை.

எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புத்தகத்தில் இருக்கும் முறைகளைக் கட்டாயம் படியுங்கள். எல்லை மதிப்புகள், சமமான பிரிவுகளாகப் பிரித்தல், முடிவு அட்டவணை, நிலைமாற்ற வரைபடம் எல்லாம் பயன்படுகிறவை. வயது 18 என்றால் 17, 18, 19 மூன்றையும் கொடுத்துப் பார்ப்பது யாருக்கும் ஒரு நாளில் வந்துவிடும். வராதது, இதைப் பயன்படுத்தப் போகும் ஆள் யார் என்று உட்கார்ந்து யோசிப்பது. 'பெயர்' என்ற ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொள்கிறேன், நம் ஊர் ஆட்களை மனதில் வைத்து.

முதலில், குடும்பப் பெயர் கட்டாயம் என்று இருக்கிறதா? நம்மில் பாதிப் பேருக்கு அது கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று அந்தப் பெட்டி அடம்பிடித்தால் அவர் தன் பெயரையே இரண்டு தடவை அடிப்பார், அல்லது புள்ளி வைப்பார். ஆறு மாதம் கழித்து அவருடைய அடையாள அட்டையோடு அந்தப் பெயர் பொருந்தாது.

அடுத்து, தமிழில் அடித்தால்? 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அதைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8இல் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். இப்போது 'ஸ்ரீனிவாசன்' என்று அடியுங்கள். 11 குறியீடுகள், 33 பைட். அந்தப் பெட்டிக்குத் தரவுத்தளத்தில் 30 பைட்தான் இடம், மிஞ்சியதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும் என்றால், கடைசிப் புள்ளி மட்டும் விழுந்து 'ஸ்ரீனிவாசன' என்று நிற்கும். திரையில் எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஒரு மனிதரின் பெயர் கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான்.

தேடலைப் பாருங்கள். 'கொ' என்ற எழுத்தை ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடுகளாகவும் அடிக்கலாம்; ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இம்மியும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கும் வேலையை நிரல் செய்யவில்லை என்றால் 'கொடி' என்று தேடுகிறவருக்குப் பாதிக் கொடிகள்தான் கிடைக்கும். 'ஸ்ரீ'யிலும் இதே தொல்லை: முதலெழுத்தை ஸகரத்தாலும் ஶகரத்தாலும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இதில் வழக்கமான ஒருமைப்படுத்தலும் கைகொடுக்காது. இரண்டும் வெவ்வேறு எழுத்துகள் என்பதுதான் யூனிகோடின் கணக்கு.

பெயரை வைத்து ஒரு எஸ்எம்எஸ் போகிறதா? ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. யூனிகோடில் அனுப்பினால் 70. நடுவில் ஒரே ஒரு தமிழெழுத்து வந்தால் போதும், முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறிவிடும். 70ஐத் தாண்டினால் 67, 67 ஆக உடைந்து போகும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். ஆங்கிலச் செய்தியில் 'டியர்' என்ற சொல்லுக்குப் பிறகு வரும் பெயர் மட்டும் தமிழில் என்ற ஒரு மாற்றத்தால் செலவு இரண்டு மடங்கானதை நானே பார்த்திருக்கிறேன். நிரலில் பிழை இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லை.

ஒரு பெட்டிக்கு இவ்வளவு. முறை என்ன என்று கேட்டால், எனக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லத் தெரியும்: அந்தப் பெட்டிக்கு முன் ஒரு மனிதரை உட்கார வைத்துப் பாருங்கள். பெயர், ஊர், ஃபோன், வயது என்று எல்லாம் உள்ள ஒரு மனிதரை.

"யாரும் இப்படிச் செய்யமாட்டாங்க" என்று டெவலப்பர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

தெராக்-25இன் கதையைச் சொல்லுங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவி அது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அதனால் ஆறு விபத்துகள் நடந்தன. அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சுப் பட்டு நோயாளிகள் இறந்தார்கள்.

1986இல் டெக்சாஸின் டைலர் நகரில் நடந்தவை இரண்டு. கருவியை இயக்கியவர் அந்த வேலையில் கைதேர்ந்தவர். எலக்ட்ரான் கதிருக்குப் பதில் எக்ஸ்-கதிருக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். கவனித்து, அம்புக்குறியை மேலே கொண்டுபோய்த் திருத்தி, மளமளவென்று கீழே இறங்கிவிட்டார். உள்ளே காந்தங்கள் தயாராக 8 நொடி ஆகும். அந்த 8 நொடிக்குள் திருத்தி முடித்தால் திருத்தியதை நிரல் கவனிக்கவில்லை. திரையில் சரியான சிகிச்சை, உள்ளே வேறு. முந்தைய மாடல்களில் இத்தகைய தவறைத் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டு இருந்தது. இதில் அந்தப் பொறுப்பை நிரலிடம் விட்டிருந்தார்கள்.

தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், அவர்களால் அதை மறுபடி வரவழைக்க முடியவில்லை. வரவழைத்தவர்கள் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும்தான். இயக்கியவர் செய்ததை நினைவிலிருந்து அதே வேகத்தில் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து, விபத்தின்போது வந்த 'பிழை 54' என்ற செய்தியைத் திரையில் கொண்டுவந்தார்கள். நிறுவனத்தாருக்கு ஃபோனில் சொன்னபோது, வேகம்தான் முக்கியம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்து டெஸ்டிங் வேலையின் முழுப் பாடமும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. நாம் புதிய ஆளைப் போல மெதுவாகச் சோதிக்கிறோம். அதே திரையில் தினம் நூறு தடவை வேலை செய்கிறவர் கை வேறு வேகத்தில் ஓடும். 'யாரும் செய்யமாட்டார்கள்' என்று சொல்கிறவரை, அந்தத் திரையில் வேலை செய்யும் ஒருவருக்குப் பின்னால் ஒரு மதியம் நிற்கச் சொல்லுங்கள். பில் போடும் கவுண்டராக இருந்தால் இன்னும் நல்லது.

பிழை அறிக்கையை எப்படி எழுதினால் டெவலப்பர் மதிப்பார்?

'லாகின் வேலை செய்யவில்லை' என்று தலைப்பு வைத்தால் எந்த டெவலப்பரும் பல்லைக் கடிப்பார். 11 ஆண்டு நான் கடித்திருக்கிறேன். 'கடவுச்சொல்லின் முடிவில் இடைவெளி இருந்தால், கணக்கு தொடங்கும்போது ஏற்கிறது, உள்நுழையும்போது மறுக்கிறது' என்று எழுதினால் அவர் பாதி வழி வந்துவிடுவார். படிகள், எந்த ஃபோன், எந்தப் பதிப்பு, எத்தனை தடவைக்கு எத்தனை தடவை வருகிறது என்பவை வேண்டும். கடைசியாக ஒரு வரி, பெரும்பாலானோர் எழுதாதது: இதனால் யாருக்கு என்ன ஆகும். மேலே சொன்ன பிழைக்கு நான் எழுதியது: 'வாட்ஸாப்பில் வந்த கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் முதல் நாளிலேயே வெளியே நிற்பார்கள்.' எந்தப் பிழையை முதலில் திருத்துவது என்று முடிவெடுக்கும் டிரையேஜ் மீட்டிங்கில் அதைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

"என் மெஷின்ல ஓடுதே" என்று பதில் வந்தால் கோபம் வேண்டாம். அது உண்மையாகத்தான் இருக்கும். அவர் மெஷினுக்கும் உங்களுடையதற்கும் என்ன வேறுபாடு என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

எனக்குக் கோடிங் தெரியும் என்பதால் நேராக ஆட்டோமேஷனில் போடுகிறார்கள். நல்லதா?

நல்லதுதான், ஆனால் அதற்குள் புகுந்துகொண்டு வெளியே வராமல் இருந்துவிடாதீர்கள். நான் நான்கு மாதம் அப்படி இருந்தேன். டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்ட உதவும் செலினியம் என்ற கருவியில் அழகான ஃபிரேம்வொர்க் கட்டினேன். பழகிய வேலை, பழகிய மகிழ்ச்சி. 600 ஸ்கிரிப்ட் சேர்ந்தன. திரும்பிப் பார்த்தால் 600ம் ஒரே நல்ல பாதையில் நடந்து, ஒரே விதமாகப் பணம் கட்டி, வெளியே வந்தன. நான் மறுபடி நிரலாளராகவே இருந்திருக்கிறேன், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

செலினியம் 2004இல் வந்தது. மைக்ரோசாஃப்டின் பிளேரைட் 2020இல். நாளை இன்னொன்று வரும். கருவியைக் கற்க ஒரு மாதம் போதும். அதை வைத்து என்ன கேட்பது என்பதில்தான் உங்கள் உழைப்பு போக வேண்டும். ஒரே டெஸ்ட்டுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதை, டெஸ்டிங் நூல்கள் எழுதிய போரிஸ் பைசர் பூச்சிமருந்தோடு ஒப்பிட்டார். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குச் சாகாத பூச்சிகள்தான் வயலில் மிஞ்சும். தஞ்சாவூர்ப் பக்கம் யாரிடமும் இதை விளக்கவே தேவையில்லை.

நிரல் அறிவை இங்கே இரண்டு இடத்தில் முழுமையாகப் பயன்படுத்தலாம். ஒன்று, உங்கள் டெஸ்ட்டையே சோதிப்பது. நிரலில் வேண்டுமென்றே ஒரு 'விடப் பெரிது' குறியை 'பெரிது அல்லது சமம்' என்று மாற்றிவிட்டு டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். எல்லாம் பச்சையாகவே வந்தால் அந்தப் பச்சைக்கு மதிப்பில்லை. 1971இல் கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் லிப்டன் மாணவராக இருந்தபோது முன்வைத்த யோசனை இது. இன்று ஜாவாவுக்கு பிட்டெஸ்ட் போன்ற கருவிகள் தானாகவே செய்கின்றன.

மற்றொன்று, மனிதக் கைக்கு வராத உள்ளீடுகள். 1988இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் ஒரு மழை இரவில் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். இடி மழையில் இணைப்பில் இரைச்சல் புகுந்து, அடிக்கும் கட்டளைகளில் கண்ட எழுத்துகளும் கலந்தன. அதைத் தாங்காமல் நன்கு பழகிய யூனிக்ஸ் நிரல்களே உடைந்து விழுந்தன. அவர் அதைத் தன் மாணவர்களுக்குச் செயல்திட்டமாகக் கொடுத்தார். ஏறத்தாழ 90 நிரல்களுக்குக் குப்பை எழுத்துகளை ஊட்டியதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நின்றுபோயின. ஃபஸ் டெஸ்டிங் என்று இன்று சொல்வது அங்கே தொடங்கியது. மழைக்கு இணைப்பு கெட்டால் நாமெல்லாம் எரிச்சல்தான் படுவோம். அவர் குறித்து வைத்துக்கொண்டார்.

அப்புறம், ஒரு தடவை சிவப்பு, மறு தடவை பச்சை என்று ஆடும் டெஸ்ட்டை மூன்று தடவை ஓட்டிப் பச்சையானதும் விட்டுவிடாதீர்கள். என் பள்ளிக் கட்டணப் பிழையை ஒரு ஸ்கிரிப்ட் பிடித்திருக்குமானால் அப்படித்தான் ஆடியிருக்கும்.

ஏஐ கருவிகளே டெஸ்ட் எழுதிவிடுகின்றனவே?

எழுதுகின்றன, நானும் பயன்படுத்துகிறேன். நிரலைக் காட்டி டெஸ்ட் கேட்டால், நிரல் என்ன செய்கிறதோ அதையே சரி என்று எடுத்துக்கொண்டு எழுதித் தருவது அடிக்கடி நடக்கிறது. என் பழைய 400 டெஸ்ட்டின் கதைதான். நிரலைக் காட்டாமல், வசதியை மட்டும் வாயால் விவரித்து, இது எங்கெல்லாம் தவறலாம் என்று கேட்டால் பயனுள்ள பட்டியல் வரும். அதிலும் வட்டிக்குக் காசு வாங்கிய அம்மா வரமாட்டார். அவரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

டெஸ்டர்களுக்கான ஐஎஸ்டிக்யூபி சான்றிதழ் தேவையா?

அடிப்படைநிலைத் தேர்வு 40 கேள்விகள், ஒரு மணி நேரம், 26 சரியாக வந்தால் தேர்ச்சி. வேலைக்கு எடுக்கும் பல இடங்களில் கேட்கிறார்கள், அதனால் எழுதிவிடுங்கள். எல்லோரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் பயன்படுத்த அது உதவுகிறது. அதைப் படித்து டெஸ்டிங் வந்துவிடாது.

எப்போது 'போதும்' என்று நிறுத்துவது?

நிரலாளராக இருந்தபோது 'முடிந்தது' என்ற சொல் எனக்கு இருந்தது. இங்கே அது கிடைக்காது என்பதை ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. 10 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 4 தேர்வுகள் உள்ள ஒரு படிவத்தில் 10,48,576 சேர்க்கைகள் வருகின்றன. நிமிடத்துக்கு ஒன்று என்று இரவு பகலாகப் பார்த்தாலும் இரண்டு ஆண்டு ஆகும். எந்த இரண்டு பெட்டிகளை எடுத்தாலும் அவற்றின் எல்லா ஜோடிகளும் ஒரு தடவையாவது வந்துவிடும்படி தேர்ந்தெடுத்தால் சில பத்து சேர்க்கைகளில் முடியும். மிச்சத்தை விட்டுவிடுகிறோம். சோதனை பிழை இருப்பதைக் காட்டும், இல்லை என்பதைக் காட்டாது என்று கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1969லேயே சொல்லிவிட்டார்.

அதனால் நான் 'முடித்துவிட்டேன்' என்று சொல்வதில்லை. எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை, பார்க்காததில் எனக்குப் பயமானது எது என்று மூன்று பத்தி எழுதிக் கொடுக்கிறேன். ரிலீஸ் போவதா நிற்பதா என்று முடிவெடுப்பது பொறுப்பில் இருப்பவர் வேலை. அந்த அதிகாரம் டெஸ்டருக்கு வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காவல்காரனைப் போல வாசலில் நின்றால் எல்லோரும் நம்மிடம் மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

நிரல் எழுதுவதை இழந்துவிட்டதாகத் தோன்றவில்லையா?

சில மாலைகளில் தோன்றும். ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றைக் கட்டி ஓடவிடும் சந்தோஷம் வேறு. அதை மறைக்க விரும்பவில்லை. வார இறுதிகளில் சொந்தமாக எழுதுகிறேன்.

இன்றைக்கே தொடங்க வேண்டுமானால் என்ன செய்வது?

நீங்கள் எழுதிய செயலி ஒன்றை உங்கள் அம்மாவின் ஃபோனில் போடுங்கள். உங்கள் ஃபோனில் வேண்டாம். அவருடையதில் எழுத்து அளவு பெரிதாக வைத்திருக்கும், இடம் நிறைந்திருக்கும், பேட்டரி 15 சதவீதத்தில் நிற்கும். அவரிடம் கொடுத்துவிட்டு ஒரு வேலை சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். "அங்க இல்லம்மா, கீழ" என்று சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லக் கூடாது. கையில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.

என் அம்மாவிடம் அந்தப் பள்ளிக் கட்டணச் செயலியின் புதிய பதிப்பைக் கொடுத்தபோது, பெரிய எழுத்தில் 'பணம் செலுத்து' பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டிருந்தது. அவர் நான்கு நிமிடம் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத்தான் தெரியல போல" என்று ஃபோனைத் திருப்பித் தந்தார். அந்த வாக்கியத்தை அப்படியே தாளில் எழுதினேன். மறுநாள் பிழை அறிக்கையின் முதல் வரி அதுதான்.